எடை எழுதிய அட்டையை யார் படிப்பது?

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும், இங்கே பிரசவம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

கர்ப்பிணி ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதன்முறை வரும்போது நடக்கிற முதல் காரியம், செருப்பைக் கழற்றச் சொல்லி அவளை எடை மெஷினில் ஏற்றுவது. அந்த எண் தாய் சேய் நல அட்டையில் ஏறுகிறது. கர்ப்பிணிகளுக்கான அரசின் கணினிப் பதிவான பிக்மியிலும் ஏறுகிறது. அடுத்த மாதமும் அப்படியே. ஒன்பது மாதமும் எண்கள் வரிசையாகச் சேர்கின்றன. அவற்றைப் பார்த்து அவளுக்கான பரிசோதனையிலோ மருந்திலோ பிரசவம் நடக்கவேண்டிய இடத்திலோ யாராவது எதையாவது மாற்றினார்களா? பெரும்பாலும் இல்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு உங்கள் மேசையில் இருக்கும். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 21.5தான். அதே ஆய்வில் இன்னொரு பக்கத்தில், 15 முதல் 49 வயது வரையுள்ள நம் மாநிலப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் என்று இருக்கிறது. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 30.9ஆக இருந்தது. சிசேரியன் கணக்கைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். எடைக் கணக்கைப் பற்றி வேறொரு நாள், வேறொரு பிரிவு கூட்டம் போடுகிறது. ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவள் ஒருத்திதான். இரண்டு கணக்கும் அவள் மேல்தான் வந்து விழுகின்றன.

எடை என்றதும் மிகப் பருமனான பெண் ஒருத்தியைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீடு. ஐந்தடி உயரமுள்ள பெண் 58 கிலோ இருந்தாலே அது 25ஐத் தொடுகிறது. 70 கிலோவில் 30ஐத் தாண்டிவிடுகிறது. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். ஆனால் நம் உடல்வாகில் இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 23லேயே எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார்கள். 25ஐயே பருமன் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் 58 கிலோ பெண்ணை யாரும் குண்டு என்று சொல்வதில்லை. பூசினாற்போல் இருக்கிறாள் என்பார்கள். மாமியார் மகிழ்ச்சிதான் அடைவார். செவிலியரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற இடம் இதுதான்.

எடை கூடினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் இந்த மடலைத் தாய்மார்களும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் குழந்தை அளவுக்கு மீறி வளர்கிறது. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து வருகிறது. குறியீடு ஐந்து முதல் ஏழு எண் உயரும்போதெல்லாம், பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் இறங்குகிற நிலை வருவதற்கான வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. பருமனான பெண்ணுக்குச் சிசேரியன் ஆகும் வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சிசேரியன் என்று முடிவான பிறகும் எடை விடுவதில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட மயக்க மருந்து டாக்டர் எலும்பு இடைவெளியைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். சதை கூடினால் அது சிரமம். முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது அதைவிடச் சிரமம். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க நேரம் அதிகம் பிடிக்கிறது. ரத்த இழப்பு கூடுகிறது. நம் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று அதே தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. எடை இருப்பவளுக்கு ரத்தம் இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பார்க்கப் புஷ்டியாக இருந்து, ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, தையல். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அது மெதுவாக ஆறுகிறது. உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. வயிறு மடிந்து விழும் இடத்தில் வெட்டுக்காயம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் வயிற்றை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி, காற்றில்லாத அறையில் படுக்க வைத்தால் அந்த ஈரம் எப்படிக் காயும்? கொழுப்பு அடுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் தனியாகத் தைத்து மூட வேண்டும், ஆன்டிபயாட்டிக் ஊசியை வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன்பே போட வேண்டும் என்பவை உலகம் முழுக்க ஏற்கப்பட்ட நடைமுறைகள். உங்கள் மருத்துவமனைகளில் ஒவ்வொரு முறையும், நள்ளிரவு அவசர ஆபரேஷனிலும் இது நடக்கிறதா என்று யாராவது சரிபார்க்கிறார்களா?

எங்கள் பகுதியில் ஒரு பெண். இரண்டாவது பிரசவம், முதலாவதும் சிசேரியன். குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துச் செய்துகொண்டு ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டாம் நாள் கசிவு. மருத்துவமனைக்குப் போன் செய்ததற்கு, எடை அதிகமாக இருந்தால் அப்படித்தான் கசியும், தையல் பிரிக்க வரும்போது காட்டுங்கள் என்று பதில் வந்தது. பத்தாம் நாள் தையல் வாய் பிளந்துவிட்டது. மறுபடி சேர்த்து, சீழ் எடுத்து, தினமும் கட்டு மாற்றி, மறுபடி தைத்து, அவள் எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆயிற்று. தாய்ப்பால் நின்றே போய்விட்டது. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே அவள் எடை அட்டையில் இருந்தது. எட்டாம் நாள் கசியக்கூடும் என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருந்தது. யாரும் அதை வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் அவளைக் குறை சொல்வதற்குத்தான் வாசித்தார்கள்.

இந்தக் குறை சொல்லும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. பிரசவ அறையில் வலியில் துடிப்பவளைப் பார்த்து, இப்படித் தின்று தின்று வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். எடை மெஷினில் ஏறும்போது மற்ற கர்ப்பிணிகள் காதில் விழும்படி எண்ணைக் கத்துவதையும் பார்த்திருக்கிறேன். இதன் பலன் ஒன்றுதான்: அந்தப் பெண் அடுத்த மாதப் பரிசோதனைக்கு வரமாட்டாள். யாருக்குப் பரிசோதனை அதிகம் தேவையோ அவளையே விரட்டியடிக்கிறோம்.

அவள் உடம்பு ஏன் இப்படி ஆயிற்று என்றும் யோசிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்றுப் பறிப்பதும் நடவு நடுவதும் களை எடுப்பதும் அறுப்பதும் பெண்கள் வேலை. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. அறுப்பு முழுக்க மெஷின்தான். இடுப்பொடிகிற அந்த வேலை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலை போன அளவுக்குத் தட்டு மாறவில்லை. காலையில் இட்லி, தோசை, மதியம் சோறு, இரவும் சோறு. இடையில் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும். ரேஷன் கடையில் அரிசி இலவசம், பாமாயில் மலிவு. பயறும் முட்டையும் மீனும் காசு. இதில் வேடிக்கை பார்க்க முடியாத ஒரு வேதனை: சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, நின்ற பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து, வயலின் எஞ்சிய ஈரத்திலேயே விளைவிக்கிற பூமி இது. விளைந்த பயறு மூட்டையாக வியாபாரியிடம் போகிறது. விளைவித்த வீட்டின் கர்ப்பிணி ரசம் சோறு சாப்பிடுகிறாள்.

கர்ப்பம் என்றதும் இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் எவ்வளவு எடை கூடலாம் என்பது தொடக்க எடையைப் பொறுத்தது. 2009இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவுகளைத்தான் பல நாடுகளிலும் எடுத்தாள்கிறார்கள். சரியான எடையில் தொடங்குபவள் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். அதிக எடையில் தொடங்குபவளுக்கு 7 முதல் 11.5. பருமனாகத் தொடங்குபவளுக்கு 5 முதல் 9 மட்டும். மெலிந்தவளோ 12.5 முதல் 18 கிலோ வரை கூடியாக வேண்டும். உயரமும் உடலமைப்பும் வேறான நம் பெண்களுக்கு இதை அப்படியே சட்டமாக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் இலக்கு வேறு என்கிற அடிப்படையாவது அட்டையில் வர வேண்டும். எவளையும் கர்ப்பத்தில் பட்டினி போட்டு மெலிய வைக்கக் கூடாது. அது குழந்தைக்குக் கேடு. இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திட்டு வாங்கிய பெண்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுவதை நான் அறிவேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987 முதல் நடக்கிறது. இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய திட்டம் அது. அதில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும் உண்டு. நெய்யும் பேரீச்சம்பழமும் உண்டு. 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது அமுதம். 80 கிலோவும் சர்க்கரையும் உள்ள பெண்ணுக்கும் அதே பெட்டகம்தான் போகிறது. அரசே கொடுத்ததை அவள் எப்படி வேண்டாம் என்பாள்? பெட்டகத்தை இரண்டு வகையாக்குங்கள். சர்க்கரையோ அதிக எடையோ உள்ளவளுக்கு நெய்க்கும் பேரீச்சைக்கும் பதிலாக டெல்டா விவசாயிகளிடமே வாங்கிய பச்சைப்பயறும் உளுந்தும் கொண்டைக்கடலையும் கொடுங்கள். உணவு அட்டவணையில் ஓட்ஸ் என்று எழுதுவதை விட்டுவிட்டு நெத்திலி, மத்தி, முருங்கைக்கீரை, மொச்சை என்று எழுதச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் இருப்பவர்களுக்கு மத்தி மீன் எட்டாத பொருள் அல்ல.

அடுத்து, மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு விஷயம்: பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை. பருமனான கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத பிரஷருக்கு மாத்திரை கொடுக்கிறோம்; பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்; அங்கே பிரஷர் என்று சொல்லியே முன்கூட்டி ஆபரேஷன் ஆகிறது. அல்லது, பட்டை சரியில்லாததால்தான் அதிகமாகக் காட்டுகிறது என்று பழகிப்போன செவிலியர், உண்மையாகவே ஏறிய பிரஷரையும் அலட்சியமாக விட்டுவிடுகிறார். இரண்டும் ஆபத்து. பெரிய அளவுப் பட்டை விலை அதிகமான பொருளே அல்ல. நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையம் எதிலும் அது இருந்ததில்லை.

சர்க்கரை விஷயத்தில் தமிழ்நாடு மற்றவர்களுக்கு வழிகாட்டியது. டாக்டர் வி. சேஷையா காட்டிய முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்கிறோம். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால் கிராமத்துப் பெண்களுக்கு அது பெரிய வசதி. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் குழந்தை பிறந்த ஆறாவது வாரம் அந்தத் தாய்க்கு மறுபடி பார்க்க வேண்டிய பரிசோதனை பெரும்பாலும் நடப்பதே இல்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்குக்கும் மேல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்கிறதே, அந்தப் பட்டியலில் இந்தத் தாய்மார்களைச் சேர்ப்பதற்கு என்ன தடை? தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அன்றே தாய்க்கும் பார்த்துவிடலாமே? அடுத்த கர்ப்பத்துக்கு முன் சில கிலோ குறைத்தாலும் அடுத்த பிரசவத்தின் ஆபத்துகள் குறைகின்றன. முதல் பிரசவத்தில் ஏறிய எடை இறங்காமலேயே இரண்டாவதைச் சுமக்கிறவர்கள்தான் இங்கே அதிகம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களில் நான் மிகவும் அஞ்சுவது தையலைக்கூட அல்ல, ரத்தம் உறைவதை. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடும். அதோடு எடை, அதோடு சிசேரியன், அதோடு படுக்கை. காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் காப்பாற்ற நேரம் இருக்காது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. இதைத் தடுக்கும் ஊசியின் அளவே எடையைப் பொறுத்துத்தான்: பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, 50 முதல் 90 கிலோ வரை எனாக்சபாரின் 40 மில்லிகிராம், 91 முதல் 130 கிலோ வரை 60 என்று வகுத்திருக்கிறது. இங்கே யாருக்கு ஊசி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எடையையும் மற்ற ஆபத்துகளையும் கூட்டிப் பார்க்கும் தாள் ஒன்று ஒவ்வொரு சிசேரியன் கேஸ் ஷீட்டிலும் இருக்கட்டும்.

வீட்டில் நடப்பது வேறு கதை. தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று ஆபரேஷன் ஆனவளுக்குத் தம்ளர் கணக்கில்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள். பருப்பு சேர்க்காதே, பழம் சாப்பிடாதே, எழுந்து நடக்காதே. பூண்டும் சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுக்கட்டும், அதில் புரதம் இருக்கிறது. அந்தப் பத்தியத்தில் நல்லதும் உண்டு. ஆனால் தண்ணீரைக் குறைப்பதும் நாற்பது நாள் படுக்க வைப்பதும் ரத்தம் உறைய நாமே வழி செய்வது போலாகும். டிஸ்சார்ஜ் செய்யும்போது தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதாது. அவளோடு துணைக்கு இருக்கிற அம்மாவையோ மாமியாரையோ உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே 108ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்பார்கள். மரியாதையாகச் சொன்னால் எந்த ஊர் மாமியாரும் கேட்பார்.

பிரசவமான வீட்டுக்குச் செவிலியர் போகும்போது குழந்தையின் எடையும் தொப்புளும் பார்க்கிறார். தாயின் தையலைப் பார்ப்பது கட்டாயம் என்று எழுதுங்கள். எடை கூடிய சிசேரியன் தாய்க்கு ஏழாம் நாள், பத்தாம் நாள், பதினான்காம் நாள் என்று தையலுக்காகவே போக வேண்டும். அதற்கு ஏற்றபடி செவிலியர்களின் எண்ணிக்கையும் வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல் வேலையை மட்டும் கூட்டினால், பதிவேட்டில் மட்டுமே தையல் ஆறும்.

பிரசவ இடத்தை முன்கூட்டி முடிவு செய்வதும் இதில் அடங்கும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளைச் சிறப்பு மருத்துவர் பார்க்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. குறியீடு 35க்கு மேல் உள்ளவர்களை எட்டாவது மாதத்திலேயே அன்றைய தினம் மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டி, சீமாங் எனப்படும் அவசரகாலத் தாய் சேய் சிகிச்சை மையங்களில் எதில் பிரசவம் என்று எழுதிவைத்தால், கொள்ளிடக் கரையிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ வலியோடு 108இல் அலைய வேண்டியதில்லை. முன்பே திட்டமிட்ட சிசேரியனைவிட, வலி வந்து பல மணி நேரம் கழித்து அவசரமாகச் செய்யும் சிசேரியனில்தான் சிக்கல் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதற்காக, எடை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழிப்பதையும் ஏற்க முடியாது. எடை மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. எந்த நல்ல வழிகாட்டுதலும் அப்படிச் சொல்லவில்லை. பருமனான பெண்ணுக்குத்தான் சிசேரியன் அதிக ஆபத்து என்பதால், தவிர்க்கக்கூடிய முதல் சிசேரியனைத் தவிர்ப்பது அவளுக்குத்தான் மிகப் பெரிய உதவி. ஒன்றுக்குப் பின் இன்னொன்று என்று போகும்போது நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. உங்கள் எடைக்குச் சுகப்பிரசவம் சரிவராது என்று ஆறாம் மாதத்திலேயே சொல்லி அனுப்பும் தனியார் மருத்துவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: எந்தக் காரணத்துக்காகச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அவளிடமும் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த ராப்சன் முறையில் பிரசவிக்கும் பெண்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவில் சிசேரியன் கூடுதல் என்று பார்க்கலாம். அதோடு தொடக்க எடையையும் சேர்த்து, டெல்டாவின் நான்கு மாவட்டங்களிலும் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு காலாண்டும் வெளியிடச் செய்யுங்கள். எந்தத் தாயின் பெயரும் அதில் வர வேண்டாம். மருத்துவமனையின் பெயர் வரட்டும்.

இவற்றில் சில நிதி கேட்பவை, சில ஆள் கேட்பவை. பெரிய பிரஷர் பட்டையோ நிதியையும் ஆளையும் பெரிதாகக் கேட்காது. இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுதுவதானால், நான்கு மாவட்டங்களிலும் அது எத்தனை நிலையங்களில் இருக்கிறது, இல்லாத இடங்களுக்கு எந்த மாதத்துக்குள் போய்ச் சேரும் என்ற கணக்கை முதல் வரியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்